அப்பா ஊத்துன மெழுகு

தர மாட்டேன் சார். கோவிச்சுக்காதீங்க. கோயமுத்தூர்ல இருந்து இம்புட்டு தூரம் கார் எடுத்துட்டு வந்திருக்கீங்க, எனக்குத் தெரியுது. பழம் எத்தனை கிலோ வேணும்னாலும் வெட்டித் தாரேன். பன்னீர் திராட்சை, இன்னைக்குக் காலைல வெட்டுனது. மோர் இருக்கு, குடிங்க. திராட்சை ரசம் மட்டும் கேக்காதீங்க.

போனைக் காட்ட வேண்டாம் சார். அதுல என்னா எழுதியிருக்குன்னு எனக்கு மனப்பாடம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்னக் குடும்பத் தோட்டம், அங்கே குடித்தது போல அருமையான சிவப்பு ஒயின் இந்த நாட்டில் நான் குடித்ததில்லை. அதானே? கீழ என் பேரும் இருக்கும், மிக்கேல்னு. எங்க அப்பா பேரு இருக்காது. ஆறு வருஷமா அதைப் பாத்துட்டு மாசத்துக்கு ஒருத்தராவது வந்துடறாங்க. எழுதுனவரைக் கேட்டு அழிக்கச் சொல்லலாம்னு நம்பரைத் தேடுனேன். மாத்திட்டாரு போல.

உக்காருங்க. பந்தலுக்கு அடியில நல்ல நிழல் இருக்கு. அந்தா, கொட்டகையில நார்க்கட்டில்ல படுத்திருக்காரே, அதுதான் அப்பா, சூசைமாணிக்கம். காது சரியாக் கேக்காது. ஆனாலும் நான் மெதுவாத்தான் பேசுவேன். போன மாசம் வந்தவங்ககிட்ட தீந்துபோச்சுன்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன். இன்னைக்கு என்னமோ பொய் சொல்ல வாய் வரல. உங்களுக்கு நேரம் இருந்தா ஏன் தர மாட்டேன்னு சொல்றேன். நீங்க வெளியூரு. கேட்டுட்டுப் போயிருவீங்க.

இது கடைச் சரக்கு இல்ல சார். பூசைக்குப் போறது. கோயில்ல, சர்ச்சைத்தான் சொல்றேன், சாமியார் பீடத்துல நின்னு கிண்ணத்துல ஊத்துவாரே, அது. இந்தச் சுத்துவட்டாரத்துல ஏழு கோயிலுக்கு வருஷம் பூரா எங்க ஜாடிதான். ஒரே ஜாடி, என் இடுப்பு உசரம். அனுமதியே கோயில் பேர்லதான் இருக்கு, விக்கக் கூடாது, வெளிய யாருக்கும் குடுக்கக் கூடாது. சர்க்கரை போடக் கூடாது, தண்ணி சேக்கக் கூடாது. பழம், பழம் மட்டும்தான். அப்பா அதுல ரொம்பக் கண்டிப்பு.

செப்டம்பர்ல மாதா பொறந்தநாளுக்கு மறுநாள் மிதிப்பு. சிமெண்டுத் தொட்டியில பழத்தைக் கொட்டி, வீட்டு ஆளுங்க எறங்கிக் கால்ல மிதிக்கணும். கூலிக்கு ஆள் விடறதில்ல. எறங்குறவங்க மொத நாளே கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கணும். நீங்க எங்க ஆளு இல்லன்னு நெனைக்கிறேன், அதனால சொல்றேன். செஞ்ச பாவத்தை ஒண்ணு விடாம சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்பு வாங்குறது. வாங்காதவங்க தொட்டிப் பக்கமே வரக் கூடாது. பீடத்துக்குப் போற ரசத்துல பாவத்தோட ஒரு கால் படக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாரு. வேற ஊர்ல இப்படி உண்டான்னு தெரியாது. எங்க வீட்ல உண்டு.

மிதிச்சு, நுரைச்சு, அடங்குனப்புறம் வடிகட்டி ஜாடியில ஊத்தி மூடி போடுவோம். அப்புறம் மெழுகு. கோயில்ல எரிஞ்சு மிஞ்சுன மெழுகுத்திரித் துண்டுங்களை வருஷம் பூரா ஒரு தகர டப்பால சேத்து வெச்சிருப்பாரு. அதை உருக்கி, மூடியைச் சுத்தி அவரு கையாலதான் ஊத்துவாரு. வேற யாரும் தொட மாட்டோம். ஈஸ்டருக்கு முன்னால வர்ற தவக்காலம் தொடங்குற வாரம் சாமியார் வந்து முன்னால நிப்பாரு, அப்பா மெழுகை உடைப்பாரு. அதுவரைக்கும் ஜாடியை யாரும் தொறக்கறதில்ல. அதுவும் வழக்கம்தான்.

ஆறு வருஷம் முன்னாடி என் தம்பி இன்னாசிக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்ணு உத்தமபாளையம் பக்கம். அவங்க எங்க வேதம் இல்ல. பேச்சித்தாயின்னு பேரு. ரெண்டு பேரும் விரும்பிட்டாங்க, அப்பா மொதல்ல குதிச்சாரு, அப்புறம் ஞானஸ்நானம் வாங்கினா சரின்னு எறங்கி வந்தாரு. அந்தப் புள்ள ஆறு மாசம் செபமெல்லாம் படிச்சு, ஞானஸ்நானம் வாங்கி ரீத்தம்மா ஆயிருச்சு. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கே மறந்துபோன செபமெல்லாம் அதுக்கு அத்துப்படி. என் பொண்டாட்டி தெரசா நடுவுல தடுமாறுனா அது எடுத்துக் குடுக்கும். தெரசாவுக்கு அது பிடிக்காது. தெரசாவையும் குத்தம் சொல்ல முடியாது சார், பதினஞ்சு வருஷம் இந்த வீட்ல இருந்தவ.

அந்த வருஷம் மிதிப்புக்கு நாலு பேர் எறங்குனோம். நான், தெரசா, இன்னாசி, அந்தப் புள்ள. மொத தடவை எறங்குறப்ப பழம் கால் விரலுக்குள்ள வழுக்கும், கூசும். அது சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. நிப்பாட்ட முடியல. இன்னாசி தோளைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே மிதிச்சுச்சு. அப்பா கூட ஒண்ணும் சொல்லல.

இப்ப அந்த போன்ல எழுதுனவரு விஷயத்துக்கு வாரேன். பெங்களூருக்காரரு. மார்கழி மாசம் சுருளி அருவிக்குப் போற வழியில எங்க தோட்டத்துக்கு முன்னால கார் டயர் பஞ்சர். வீட்ல நான் மட்டும்தான். அப்பாவுக்கு மதுரையில கண்புரை ஆபரேசன், இன்னாசி கூடப் போயிருந்தான். பொம்பளைங்க ரெண்டு பேரும் பூசைக்குப் போயிருந்தாங்க. அவரு பந்தலைச் சுத்திப் பாத்தாரு, கொட்டகையில ஜாடியைப் பாத்தாரு, இது என்னான்னாரு. சொன்னேன். ஒயின் பத்தி எழுதறதுதான் அவருக்கு வேலையாம். அப்படி ஒரு வேலை இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஒரு வாய் கிடைக்குமான்னு கேட்டாரு. கிடைக்காதுன்னு சொல்லியிருக்கணும். உங்ககிட்ட இப்ப சொன்னேன்ல, அதே மாதிரி.

தொறந்தேன் சார். கத்தியால மெழுகைச் சுத்தி அறுத்து, மூடியைத் தூக்கி, ஒரு டம்ளர் மொண்டு குடுத்தேன்.

அவரு குடிக்கல. டம்ளரைச் சுத்துனாரு. வெயில்ல பிடிச்சுப் பாத்தாரு. மூக்கை உள்ள விட்டாரு. ஈ விழுந்துருச்சோன்னு நான் பயந்துபோனேன். அப்புறம் ஒரு வாய். வாயில வெச்சுக்கிட்டு கொப்புளிக்கிற மாதிரி என்னமோ பண்ணாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு என்னென்னமோ பழத்தோட பேரெல்லாம் சொன்னாரு. அதுல ஒண்ணு கூட நாங்க போடலைங்க, சத்தியமா திராட்சை மட்டும்தான்னேன். சிரிச்சாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க எவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாரு.

எனக்கு அப்ப நாப்பத்தோரு வயசு. பதினெட்டு வயசுல இருந்து கவாத்து வெட்டுறேன், மருந்தடிக்கிறேன், மிதிக்கிறேன். ஒருத்தர் என்னைப் பாராட்டுனதில்ல சார். பூசையில சாமியார் குடிச்சுட்டு ரசம் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாருல்ல? அப்பாவும் சொல்ல மாட்டாரு. எல்லாம் ஆண்டவர் செயல்னு முடிச்சிடுவாரு. இந்த மனுசன் என் கையைப் பிடிச்சு, நீங்க, நீங்கன்னு சொல்றாரு. தலை கிறுகிறுன்னு வந்துச்சு. நான் ஒரு சொட்டு குடிக்காமலே.

ரெண்டு பாட்டில் ஊத்திக் குடுத்தேன். போறப்ப அவரு ஒண்ணு சொன்னாரு, அதை நான் மறக்கல. ஜாடி குறைஞ்சுபோச்சு, இப்படியே விடாதீங்க, உள்ள காத்து நின்னுக்கிட்டா கெட்டுரும், சின்ன பாட்டில்கள்ல மேல வரைக்கும் நிரப்பி மாத்திருங்கன்னாரு. சரி சரின்னேன். எப்படி மாத்துறது? மாத்துனா அப்பாவுக்குத் தெரிஞ்சுபோயிருமே. கடையில மெழுகுத்திரி பாக்கெட் வாங்கி, உருக்கி, முன்ன இருந்த மாதிரியே ஊத்திட்டேன். அப்பா மதுரையில இருந்து கண்ணுல பச்சைத் துணி கட்டிட்டு வந்தாரு. ஜாடிகிட்ட வந்து கையால தடவிப் பாத்துட்டுப் போனாரு.

அதோட விட்டிருந்தா தப்பிச்சிருக்குமோ என்னமோ. அவரு எழுதுனதைப் படிச்சுட்டு ஒரு தம்பதி வந்தாங்க. வீட்ல ஆள் இல்லாத நேரம், ரெண்டாவது தடவை தொறந்து மறுபடி மெழுகு ஊத்துனேன். மூணாவது தடவை யாரும் வரல. எனக்காகவே தொறந்தேன். அவரு பண்ண மாதிரி டம்ளரைச் சுத்தி, மோந்து பாத்து, வாயில வெச்சிருந்து குடிச்சேன். அதுவரைக்கும் நான் எங்க ரசத்தை ரசமாக் குடிச்சதே இல்ல. சும்மா சொல்லக் கூடாது சார், அருமையா இருந்துச்சு. அந்தாளு எழுதுனதுல ஒரு எழுத்து பொய் இல்ல.

அப்புறம் தவக்காலம் வந்துச்சு. பங்குச்சாமியார் வந்தாரு, வீட்ல எல்லாரும் கொட்டகையில கூடி நின்னோம். அப்பா மெழுகை உடைச்சாரு. மூடியைத் தூக்குன உடனே ஊறுகாக் கடைக்குள்ள நொழைஞ்ச மாதிரி ஒரு நெடி. அப்பா கரண்டியால மொண்டு நாக்குல வெச்சாரு. துப்புனாரு. மறுபடி மொண்டாரு, மறுபடி துப்புனாரு. முழு ஜாடியும் புளிச்சுக் காடியாப் போயிருந்துச்சு.

அம்பது வருஷத்துல எங்க ஜாடி கெட்டதில்ல. ஈஸ்டருக்கு மூணு நாள் முந்தி வர்ற பெரிய வியாழன் பூசைக்கு ஏழு கோயிலுக்கும் ரசம் இல்ல. அப்பா தரையில உக்காந்துட்டாரு. சாமியாருதான் தேத்துனாரு. சூசை, இதுல என்னா இருக்கு, எங்கயோ காத்து பட்டிருக்கும், ரசம் காத்துலதான் கெடும்னாரு. அப்பா நிமிந்து பாத்து, நான் என் கையால மெழுகு ஊத்துனேன் சாமி, காத்து எப்படிப் போகும்னாரு.

அங்கதான் சார் நான் சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை. நான் தொறந்தேம்ப்பான்னு. குனிஞ்சு, தரையில கெடந்த மெழுகுத் துண்டைப் பொறுக்குனேன்.

அப்பா எங்க நாலு பேரையும் பாத்துக் கேட்டாரு. பாவசங்கீர்த்தனம் பண்ணாம யாரு எறங்குனதுன்னு. நான் பண்ணியிருந்தேன், அதனால நான் பண்ணேன்னு சொன்னேன். அது உண்மை. அவரு கேட்டது பாவசங்கீர்த்தனத்தைப் பத்தி. ஜாடியைப் பத்தி என்னை யாரும் கேக்கல. ஜாடியைத் தொறந்தியாடான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பேன். இதைத்தான் ரொம்ப நாளு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப உங்ககிட்ட சொல்றப்பவே கேவலமா இருக்கு.

எல்லாரும் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க. தெரசாதான், அவ சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னா, புதுசா எறங்குன காலு ஒண்ணுதானேன்னா. எல்லாரும் அந்தப் புள்ளையைப் பாத்தாங்க. நானும் பாத்தேன் சார். காரணம் தெரிஞ்ச நானும் திரும்பிப் பாத்தேன்.

அது, நான் பண்ணேன் மாமான்னுச்சு. அப்பா, எல்லாத்தையும் சொன்னியான்னாரு.

யோசிச்சுச்சு. அம்புட்டுதான். ஒரு நிமிசம் யோசிச்சுச்சு. நம்மள யாராவது எல்லாத்தையும் சொன்னியான்னு கேட்டா நாமளும் யோசிப்போம்ல? யோசிச்சுட்டு, ஆடி மாசம் எங்க அம்மா பொங்கச் சோறு குடுத்து விட்டாங்க, எங்க ஊர் அம்மன் கோயில்ல வெச்சது, சாப்பிட்டேன், அது பாவம்னு எனக்குத் தோணல, அதனால சொல்லல மாமான்னுச்சு. சாமியாரு, அட விடு சூசை, சோறு தின்னதெல்லாம் ஒரு பாவமான்னாரு. அப்பா எந்திரிச்சு வீட்டுக்குள்ள போயிட்டாரு. இன்னாசி மூஞ்சி செத்துப்போச்சு. அந்தப் புள்ள அப்ப ரெண்டு மாசம் முழுகாம இருந்துச்சு.

யாரும் திட்டல சார், அதைச் சொல்லியாகணும். எங்க வீட்ல கை நீட்டுற பழக்கமோ வாய் நீட்டுற பழக்கமோ கிடையாது. அடுத்த நாள்ல இருந்து சமையக்கட்டுல அது தொட்ட பாத்திரத்தை தெரசா இன்னொரு தடவை கழுவுனா. சாயங்காலச் செபத்துல அது எடுத்துக் குடுத்தா யாரும் வாங்கிக்கல. கொஞ்ச நாள்ல அது வாயைத் தொறக்கறதே இல்ல. சித்திரையில கரு கலைஞ்சுபோச்சு. மூணு நாலு மாசம்தானே, ஒடம்பு தேறுனா மறுபடி ஆகும்னு தெரசா சொன்னா. நானும் அப்படித்தான் நெனச்சேன். வைகாசியில இன்னாசி பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுத் தேனிக்குக் குடி போயிட்டான். ஒரு சிமெண்டுக் கடையில வேலை, அது வீட்ல தையல் போட்டிருச்சு.

அந்த செப்டம்பர்ல நானும் தெரசாவும் ரெண்டு பேர்தான் எறங்குனோம். ரசம் அருமையா வந்துச்சு. வராம என்னா செய்யும், நான்தான் ஜாடிப் பக்கமே போகலையே. அடுத்த வருஷமும் நல்லா வந்துச்சு. அப்பா கோயில்ல எல்லார் முன்னாடியும் சொன்னாரு, காரணம் எதுன்னு ஆண்டவரே காட்டிட்டாருன்னு. ஒவ்வொரு வருஷமும் நல்லா வர வர, அந்தப் புள்ள மேல இருந்த பழி கெட்டியாயிட்டே போச்சு. நான் ஒழுங்கா இருந்ததுக்கு அதுக்குத் தண்டனை. இப்படி ஒரு கணக்கு எங்கயாவது உண்டா சார்?

நாலு வருஷம் கழிச்சுத்தான் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். அதே சாமியார்கிட்ட. கொட்டகையில நின்னு அன்னைக்குப் பாத்த அதே சாமியாரு. மிக்கேலு, ஆண்டவர் மன்னிப்பாரு, ஆனா நீ போய் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லணும், அதுதான் உனக்கு அபராதம்னாரு. பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை அவங்க உசுரு போனாலும் வெளிய சொல்ல மாட்டாங்க. எனக்கு அது வசதியாப் போச்சு. அதுக்கப்புறம் அவரு எங்க வீட்டுக்கு வந்தா காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பாப்பாரு. நான் உரம், மருந்து, மழைன்னு பேசிக்கிட்டே இருப்பேன். போன வருஷம் மாத்தலாகிப் போறப்ப தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணாரு. கையை எடுக்காம, போனியான்னாரு. போறேன் சாமின்னேன்.

இந்த ஆனி மாசம்தான் போனேன் சார். ரெண்டு மாசம் ஆகுது. ஏன் அன்னைக்குப் போனேன்னு கேட்டா காரணம் சொல்லத் தெரியல. உங்களை மாதிரியே ஒருத்தரு வந்தாரு, இல்லன்னு அனுப்பிட்டு வந்து சோத்துல கை வெச்சேன், அப்படியே கையைக் கழுவிட்டு எந்திரிச்சேன். சட்டையை மாட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

தேனியில ஒரு சந்துக்குள்ள வீடு. முன் அறையில மெஷின். பள்ளிக்கூடம் தொறக்கற நேரம், சுத்தி பூரா நீலப் பாவாடையாக் கிடந்துச்சு. இன்னாசி கடைக்குப் போயிருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, வாங்க அத்தான், மாமா நல்லாருக்காங்களான்னு கேட்டுச்சு. ஆறு வருஷத்துல நான் அந்த வீட்டுக்குள்ள காலு வெச்சதில்ல. உக்காரச் சொல்லி நாற்காலியில கெடந்த துணியை எடுத்துச்சு. நான் உக்காரல. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன். பெங்களூர்க்காரரு, பஞ்சர், கத்தி, கடை மெழுகு, எல்லாம். இப்ப உங்ககிட்ட சொன்னதை விட வேகமாச் சொன்னேன்.

அது ஊசியில இருந்த நூலைக் கடிச்சு அறுத்துச்சு. எத்தனை தடவை தொறந்தீங்கன்னு கேட்டுச்சு. மூணுன்னேன்.

அப்ப சித்திரையில போனது அதனால இல்லியான்னுச்சு.

சார், எனக்கு மொதல்ல புரியல. எதுன்னு கேட்டேன். நெசமாத்தான் கேட்டேன், எதும்மான்னு. அது என்னைப் பாத்து, புள்ள அத்தான்னுச்சு. ரசத்தைக் கெடுத்த என் பாவம்தான் என் வயித்துலயும் வந்துச்சுன்னு நெனச்சேன் அத்தான். அதுக்கப்புறம் தங்கவே இல்லியே, அதனால அப்படித்தான்னு நெனச்சேன். ஆறு வருஷமா நான் நன்மை வாங்குறதில்ல. பூசைக்குப் போவேன். எல்லாரும் எந்திரிச்சு சாமியார்கிட்ட அப்பம் வாங்கப் போறப்ப நான் பெஞ்சுலயே உக்காந்திருப்பேன். பக்கத்துல இருக்கறவங்க என் முழங்காலைத் தாண்டிப் போவாங்க. நான் பண்ண பாவம் என்னான்னு ஒரு சாமியாருக்கும் சரியாச் சொல்லத் தெரியல அத்தான், சோறு தின்னேன்னு சொன்னா சிரிக்கிறாங்க. இதைத்தான் சொல்லுச்சு. அழுகல. அழுதிருந்தா எனக்குத் தேவலாம்னு இருந்துச்சு.

நான் ரசத்தைப் பத்தித்தான் போனேன் சார். காடியாப் போன ஒரு ஜாடியைப் பத்திச் சொல்லப் போனேன். வயித்துல இருந்ததைப் பத்தி எனக்கு ஒரு நாள் கூடத் தோணல. ஒரே வீட்ல சோறு தின்னவன், எனக்குத் தோணல.

உடனே பெரிய மனுசன் மாதிரி பேசுனேன். இன்னாசி வரட்டும், அவன்கிட்ட சொல்றேன். அப்பாகிட்ட சொல்றேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில்ல எல்லார் முன்னாடியும் நின்னு சொல்றேன்னேன். அது அவசரமா வாசலை எட்டிப் பாத்துட்டு, வேண்டாம்னுச்சு. அவருகிட்ட சொல்லிடாதீங்கன்னுச்சு.

ஏம்மான்னேன்.

வருஷா வருஷம் அவரு செருப்பில்லாம வேளாங்கண்ணிக்கு நடக்குறாரு அத்தான், எனக்காக. என் பாவத்துக்காக. திரும்பி வந்து காலு பூரா கொப்புளமா உக்காந்திருப்பாரு, நான் மஞ்சள் அரைச்சுப் போடுவேன். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆறு வருஷமா என்னை மன்னிச்சுக்கிட்டே இருக்காரு. அதுலதான் எங்க குடும்பம் ஓடுது. இப்ப மன்னிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு சொன்னா, தான் பொண்டாட்டியை நம்பலங்கறதை வெச்சுக்கிட்டு அவரு என்னா பண்ணுவாரு? வேண்டாம். சொல்றதா இருந்தா நான் ஒரு நாளு சொல்லிக்கிறேன். நீங்க சொல்லாதீங்க. இந்த வீட்டுக்கும் இனிமே வராதீங்க.

சரின்னேன்.

இதைச் சொல்லத்தான் எனக்கு வெக்கமா இருக்கு சார், மத்ததெல்லாம் கூட இல்ல. அது சொல்லாதீங்கன்னு சொன்ன நிமிசம் எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. முதுகுல இருந்து மூட்டையை எறக்குன மாதிரி. சாமியாரு சொன்ன அபராதம் முடிஞ்சுபோச்சு, சொல்லச் சொன்னாரு, சொல்லியாச்சு, இனிமே அப்பா மூஞ்சியில முழிச்சு எதுவும் சொல்ல வேண்டியதில்ல, அந்தப் புள்ளையே வேண்டாம்னுருச்சு. அந்தப் புள்ள தலை குனிஞ்சு நிக்கிறப்ப இப்படியெல்லாம் என் மனசு கணக்குப் போடுது. அது என் மூஞ்சியிலயும் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். அது பாத்துக்கிட்டே இருந்துச்சு.

நான் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டுனேன். அத்தான்னு கூப்பிட்டுச்சு. திரும்புனேன். ஒரு பாவாடையைக் கையில வெச்சு மடிச்சுக்கிட்டே, அந்த பெங்களூர்க்காரரு குடிச்சாருல்ல, அப்ப எப்படி இருந்துச்சுன்னு கேட்டுச்சு.

என்னாத்துக்குக் கேக்குதுன்னு புரியாம, அருமையா இருந்துச்சும்மா, இந்த நாட்டுலயே இப்படிக் குடிச்சதில்லன்னு எழுதியே வெச்சிருக்காருன்னேன். நீங்க குடிச்சப்பன்னுச்சு. நான் குடிச்சப்பவும் அருமையாத்தான் இருந்துச்சுன்னேன்.

அது நான் மிதிச்சது தானேன்னுச்சு.

ஆமான்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டு மெஷின்ல போய் உக்காந்துச்சு. நான் சந்து முனை வரைக்கும் வந்துட்டேன், மெஷின் ஓடுற சத்தம் கேக்கல. ஆறு வருஷத்துல அந்தப் புள்ளைக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியது, அதோட கால் பட்ட ரசம் அருமையா இருந்துச்சுங்கறது ஒண்ணுதான் சார். குடிச்சுப் பாத்தவன் இந்த வீட்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன்.